பதினொன்றாம் எண்காரி

எங்கள் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஐரிஸ் என்ட்விசிலைப் பற்றி எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. "நல்லவங்க, எல்லாருக்கும் உதவுவாங்க, டீ அருமையா போடுவாங்கன்னு எழுதிடு, மார்ஜரி. அரைப் பக்கம் போதும்" என்றார்கள். நல்லவள்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் டீ அருமை என்பது பச்சைப் பொய். அவள் போட்ட டீயில் கரண்டியை நட்டால் நிற்கும். தபால் நிலையத்தில் முப்பது வருடம் முத்திரை குத்தியவள் நான், பொய்த் தபால்தலையை ஒட்டி எனக்குப் பழக்கமில்லை. அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். அதில் என் பங்கும் உண்டு. அவ்வளவு அழகான பங்கு அல்ல.

சிறு வயதில் சாரணியராக இருந்து, தலை நரைத்த பிறகும் அந்தப் பைத்தியம் தெளியாதவர்கள் கூடுமிடம் எங்கள் மூவிலைச் சங்கம். எங்கள் ஊரான ஹாலோபெக்கில் மாதத்துக்கு இரண்டு செவ்வாய்க்கிழமை, தேவாலயக் கூடத்தில் கூடுவோம். கழுத்தில் துண்டு, நெஞ்சில் மூவிலை பேட்ஜ், இடது கையால் கைகுலுக்கல். பார்ப்பவர்கள் இது ஸ்வெட்டர் பின்னும் கிழவிகளின் கூட்டம் என்று நினைத்துக்கொள்வார்கள். நாங்கள் பின்னுவது குறைவு. வில் விட்டிருக்கிறோம், கால்வாயில் துடுப்புப் போட்டிருக்கிறோம், மணிக்கூண்டில் ஏறிக் கயிற்றை இழுத்து ஊரையே எழுப்பியிருக்கிறோம். ஒருமுறை பள்ளத்தாக்கின் குறுக்கே கட்டிய கம்பியில் ஒவ்வொருவராகத் தொங்கிக்கொண்டு மறுபக்கம் போனோம். ஐரிஸுக்கு அப்போது எழுபத்தைந்து. எதிர்க்காற்றில் அவள் நடுவழியில் நின்றுவிட்டாள். கீழே நாங்களெல்லாம் அண்ணாந்து அவள் பெயரைக் கத்துகிறோம். அவள் மேலிருந்தபடியே, "கூடத்துல பாய்லரை யாராச்சும் அணைச்சீங்களாடீ?" என்று கத்தினாள். யாரும் அணைத்திருக்கவில்லை.

அவள் பிறந்தது 1934இல், ஆலைத் தெருவில். பதினைந்து வயதில் கம்பளி ஆலைக்குப் போனாள். நெய்து வந்த துணியை வெளிச்சத்தில் விரித்து, எங்கே இழை அறுந்திருக்கிறது என்று விரலால் தடவிக் கண்டுபிடித்து ஊசியால் சேர்க்கிற வேலை. ஆலை மூடிய பிறகு பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு பரிமாறினாள். கணவர் ஆர்னால்ட் ரயில்வேயில் சிக்னல்காரர், வாயைத் திறக்காத மனிதர். ஒரே மகன், கனடாவில். மிச்ச வாழ்க்கை முழுவதும் சாரணியர் இயக்கத்துக்குப் போயிற்று.

அதில் ஒரு குறை இருந்தது. ஸ்விட்சர்லாந்து மலையில் சாரணியருக்கென்றே ஒரு மரவீடு உண்டு. உலகத்தின் எந்த மூலையில் இருக்கும் சாரணிக்கும் ஒருமுறை அங்கே போய்வர ஆசை இருக்கும். 1952இல் எங்கள் மாவட்டத்திலிருந்து ஆறு பெண்களைத் தேர்ந்தெடுத்தார்கள், ஐரிஸ் அதில் ஒருத்தி. பாஸ்போர்ட் எடுத்தாயிற்று. பூட்ஸ் இரவல் வாங்கியாயிற்று. கிளம்ப ஒன்பது நாள் இருக்கும்போது அவளுடைய அப்பா ஆலைப் படிக்கட்டில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். மற்ற ஐந்து பேரும் போய்வந்தார்கள். ஐரிஸ் பூட்ஸுக்கு மெருகு போட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

எங்கள் எல்லோரிடமும் ஒரு முகாம் கம்பளி இருக்கும். போன இடத்திலெல்லாம் வாங்கிய பேட்ஜுகளை அதில் தைத்து வைப்போம். ஐரிஸின் கம்பளியில் ஊசி நுழைய இடமில்லை. ஆனால் இடது தோள் பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. அந்த மரவீட்டு பேட்ஜ் அங்கே போனால்தான் கிடைக்கும். அதற்காக அறுபது வருடம் அவள் அந்த இடத்தில் வேறெதையும் தைக்கவில்லை.

எங்கள் எண் வழக்கத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சங்கத்தில் சேரும்போது ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுப்போம். பயணத்தில் பஸ் கிளம்பும் முன் வரிசையாக எண் சொல்ல வேண்டும். ஒருத்தி அன்றைக்கு வரவில்லையென்றால் அடுத்த எண்காரி அவளுக்காக "வரல" என்று சொல்வாள். ஐரிஸ் பதினொன்று, நான் பன்னிரண்டு. 1997இல் நான்காம் எண் கோனி இறந்தாள். ஐரிஸும் அவளும் ஆலையில் ஒரே மேசையில் இழை சேர்த்தவர்கள். அடுத்த பயணத்தில் புதிதாக வந்தவள் ஒருத்தி "நாலு" என்று சொல்ல வாயைத் திறந்தாள். "அது கோனியோடது!" என்று ஐரிஸ் போட்ட சத்தத்தில் டிரைவர் நின்ற வண்டியிலேயே பிரேக்கை மிதித்துவிட்டார். அன்றிலிருந்து இறந்தவர்களின் எண்ணை யாருக்கும் கொடுப்பதில்லை. அந்த எண் வரும்போது ஒரு மூச்சு நேரம் எல்லோரும் பேசாமல் இருப்போம். பிறகு அடுத்த எண். வருடம் ஆக ஆக எண்ணிக்கையில் ஓட்டைகள் கூடிக்கொண்டே போயின. எண்களை மாற்றி அமைக்கலாம் என்று ஒருமுறை பேச்சு வந்தது. ஐரிஸ் எழுந்து நின்றாள். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பாள், நாங்களும் கைதூக்கி மூன்றே கால் என்றோம்.

2013 ஜூனில் மரவீட்டுக்குப் போவது என்று சங்கம் முடிவு செய்தது. ஐரிஸ்தான் முதலில் பெயர் கொடுத்தாள். தலைவி ஹிலரி ப்ரெஸ்காட் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாள்.

ஹிலரி ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, ஐரிஸைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். முப்பத்தாறு வருடம் பள்ளிப் பிள்ளைகளை உல்லாசப் பயணம் கூட்டிப்போய் ஒன்றைக்கூடத் தொலைத்ததில்லை. இதை வாரத்துக்கு ஒருமுறையாவது எங்களுக்குச் சொல்லிவிடுவாள். எதைச் செய்வதானாலும் முன்னால் என்னென்ன ஆபத்து வரலாம் என்று ஒரு படிவம் நிரப்புவாள். இஞ்சி பிஸ்கட் சுடுவதற்குக்கூட நிரப்பினாள்.

"ஐரிஸ், தப்பா நினைச்சுக்காதீங்க. உங்களுக்கு எழுபத்தொம்பது ஆகப்போகுது. முட்டி சரியில்ல. கூப்பிட்டா காதுல விழறதில்ல. மலையில ஒண்ணு ஆனா நான்தான் பதில் சொல்லணும்" என்றாள் ஹிலரி.

"என்ன சொல்றே?"

"பாத்தீங்களா? இதத்தான் சொல்றேன்."

"கேட்டுச்சு டீச்சர். கேட்டதனாலதான் என்ன சொல்றேன்னேன்."

கடைசியில் ஓர் ஒப்பந்தம் ஆயிற்று. வசந்த காலத்தில் மூன்று பயிற்சி நடைகள். மூன்றிலும் ஐரிஸ் எல்லோரோடும் போய் எல்லோரோடும் திரும்பினால் கேள்விக்குறியை அடித்துவிடுவது. "ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுததாம்" என்று என் காதருகே முணுமுணுத்தாள் ஐரிஸ். அவள் முணுமுணுப்பது பத்தடி தள்ளியும் கேட்கும். ஹிலரிக்கும் கேட்டது.

நியாயமாகச் சொன்னால் ஹிலரி சொன்னதில் தவறில்லை. ஆஸ்பத்திரியில் கொடுத்த காதுக்கருவி ஐரிஸ் வீட்டு மேசை இழுப்பறையில் பெட்டியோடு தூங்கிக்கொண்டிருந்தது. "அத மாட்டினா கரண்டிச் சத்தம் மூளையில குத்துது" என்பாள். அது வெளியில் சொன்ன காரணம். உள்காரணம், அவளுக்குத் தன் காதுமடல்கள்மேல் கொஞ்சம் பெருமை.

முதல் நடையை முடித்தாள். இரண்டாவதில் என்னையே முந்தினாள். மூன்றாவது ஏப்ரல் கடைசியில், கிரேஸ்டன் மேட்டில். இருபத்தொரு பேர் போனோம். மேலே ஆட்டுப்பட்டிக் கல்சுவர் ஒன்று உண்டு. அதன் மறைவில் உட்கார்ந்து சாண்ட்விச், அவித்த முட்டை, பிளாஸ்க் டீ. அப்போதுதான் மழை பிடித்தது. எங்கள் மேட்டு மழை மேலிருந்து விழாது, பக்கவாட்டில் வந்து அறையும். எல்லோரும் பஸ்ஸைப் பார்த்து ஓடினோம்.

ஐரிஸ் ஓடவில்லை. ஓர் இடத்தில் உட்கார்ந்து எழுந்தால், கடைசியாக ஒருத்தி அந்த இடத்தைச் சுற்றிப் பார்த்து, விட்டுப்போனதை எடுத்துக்கொண்டு வர வேண்டும் என்பது எங்கள் எல்லோருக்கும் சின்ன வயதிலேயே ஊறிப்போன பாடம். அந்த வேலையை ஐரிஸ் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. அன்றைக்கு அவள் குனிந்து முட்டை ஓடுகளைப் பொறுக்கினாள். சுவரின் மேற்கல்லில் பழுப்பு நிறக் கூடு ஒன்று கிடந்தது. ஹிலரியின் மூக்குக் கண்ணாடி. துடைத்துப் பைக்குள் வைத்தாள். கீழே டிரைவர் மூன்று முறை ஹார்ன் அடித்தார். ஐரிஸுக்கு அது கேட்கவில்லை.

பஸ்ஸின் முன்பக்கம் நின்று ஹிலரி தன் பைகளைத் தடவினாள். கண்ணாடி இல்லை. கையிலிருந்த பட்டியல் அவளுக்கு வெறும் வெள்ளைத் தாள். "பரவால்ல, காது இருக்கே. ஆரம்பிங்க" என்றாள். எண் சொல்ல ஆரம்பித்தோம். கோனிக்கு ஒரு மூச்சு. ஏழாம் எண்ணுக்கு ஒரு மூச்சு. "ஒன்பது" என்றாள் ஃப்ரெடா. அடுத்த எண் பெரிலுடையது. பெரில் அந்த ஜனவரியில்தான் இறந்திருந்தாள், துக்கம் ஆறாத நேரம். வழக்கமான ஒரு மூச்சு இரண்டாக நீண்டது. எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டோம். அந்த மௌனத்துக்குள் பதினொன்றும் சத்தமில்லாமல் போய்விட்டது. அடுத்தது நான். ஈரக் கையுறையைப் பிழிந்துகொண்டிருந்தேன். போதுமான நேரம் ஆனது போலிருந்தது. "பன்னிரண்டு" என்றேன். பஸ் கிளம்பிவிட்டது.

பக்கத்து இருக்கை காலியானது தெரியாதா என்று கேட்கலாம். யாரும் தனியாக உட்காரக் கூடாது என்று ஐரிஸ் ஒவ்வொரு வழிக்கும் இடம் மாறி ஒவ்வொருத்தி பக்கத்தில் உட்காருவாள். அதனால் அவள் வேறு யார் பக்கத்திலோ இருக்கிறாள் என்று ஒவ்வொருத்தியும் நினைத்துக்கொண்டோம். காலி இருக்கைகளிலெல்லாம் ஈர மழைக்கோட்டுகள் குவிந்து கிடந்தன. இதெல்லாம் சமாதானம்தான். பதினொன்றுக்குப் பொறுப்பு பன்னிரண்டு. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

சுவரைச் சுற்றி அவள் வந்தபோது பஸ்ஸின் பின் விளக்கு வளைவில் மறைந்துகொண்டிருந்தது. மேட்டில் போனுக்குச் சிக்னல் கிடையாது. வழி தவறினால் என்ன செய்ய வேண்டும் என்று நாற்பது வருடம் சின்னப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவள். உட்கார், ஏதாவது குடி, யோசி, பிறகு நட. அதையே செய்தாள். சுவரோரம் உட்கார்ந்து பிளாஸ்கில் மிச்சமிருந்த டீயைக் குடித்தாள். பிறகு ஆட்டுத்தடத்தில் ஒன்றரை மைல் இறங்கி, பஸ் ஓடும் சாலைக்கு வந்து சேர்ந்தாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வரும் பஸ் பத்து நிமிடத்தில் வந்தது. அதிர்ஷ்டமா என்று பின்னாளில் கேட்டேன். "அட்டவணை மனப்பாடம்" என்றாள்.

பஸ்ஸை ஓட்டியவள் ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண். பெயர் டோனா.

"எங்கம்மா இந்த மழையில தனியா?" என்றாள்.

"தனியா எங்க கண்ணு? இருபது பேரோட வந்தேன். அவங்கதான் தொலைஞ்சுபோயிட்டாங்க."

டோனா சிரித்துவிட்டு அவள் கழுத்துத் துண்டைப் பார்த்தாள். "சாரணியா நீங்க? நானும் ஏழு வயசுல சேந்தேன். முடிச்சு போட வரல, நின்னுட்டேன்."

"முடிச்சு எங்க ஓடிப்போகுது? ரிட்டயர் ஆனதும் வா. எப்ப ரிட்டயர்?"

"இன்னும் ஆறு வருஷம் இருக்கும்மா."

"சரி, காத்திருக்கேன்" என்று ஐரிஸ் இடது கையை நீட்டினாள். டோனாவும் நினைவு வைத்திருந்து இடது கையையே நீட்டினாள். வண்டி அதன் பிறகுதான் நகர்ந்தது.

அந்த நேரத்தில் நாங்கள் ஒரு செடிப் பண்ணையின் தேநீர் விடுதியில் சுகமாக உட்கார்ந்திருந்தோம். நாலு பேருக்கு ஒரு மேசை. பரிமாறிய பெண் கையில் ஒரு தட்டோடு வந்து, "இருபத்தொண்ணு சொன்னீங்க, ஒரு ஸ்கோன் ரொட்டி மிஞ்சுது" என்றாள்.

"நாங்க எண்ணிட்டோம், எல்லாரும் இருக்கோம். நீங்கதான் ஒண்ணு கூட வச்சிருப்பீங்க" என்றாள் ஹிலரி. அந்த ஸ்கோனை அவளும் நானும் பாதி பாதியாகப் பகிர்ந்துகொண்டோம். என் பாதிக்கு நான் ஜாம் கொஞ்சம் கூடுதலாகவே போட்டுக்கொண்டேன். அங்கே ஒன்றே முக்கால் மணி நேரம் இருந்தோம்.

ஐந்து மணிக்கு எங்கள் பஸ் தேவாலயக் கூடத்தின் வாசலுக்கு வந்தது. கூடத்தில் விளக்கு எரிந்தது. வாசலில் ஐரிஸ் ஏப்ரன் கட்டிக்கொண்டு நின்றாள்.

"அடடே, ஐரிஸ் அதுக்குள்ள இறங்கிட்டாங்களே" என்றாள் ஹிலரி.

ஃப்ரெடா பின்னாலிருந்து மெதுவாகச் சொன்னாள். "ஹிலரி, பஸ்ஸுக்கு இன்னும் கதவே திறக்கல."

அந்த நிமிடத்தை நான் மறக்க மாட்டேன். பஸ்ஸில் ஒருவரும் அசையவில்லை. என் வயிற்றுக்குள் அந்தப் பாதி ஸ்கோன் இருந்தது.

"இவ்வளவு நேரமா? தண்ணி ரெண்டு தடவை கொதிச்சு ஆறிடுச்சு" என்றாள் ஐரிஸ். பிறகு ஏப்ரன் பையிலிருந்து பழுப்புக் கூட்டை எடுத்து நீட்டினாள். "இந்தா டீச்சர், உன் கண்ணாடி. செவுத்து மேல வச்சிட்டு வந்துட்டே. இது உன் மூக்குல இருந்திருந்தா என்னைப் பாத்திருப்பே. இல்ல, நான் இல்லங்கறதையாச்சும் பாத்திருப்பே."

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். எங்கள் யானை கூடத்தின் மூலையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, விபத்துப் படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு, பேனாவைத் திறக்காமல் இருந்தது. "முப்பத்தாறு வருஷம்... ஒரு பிள்ளையக் கூட..." என்றாள் ஹிலரி. பிறகு, "நான் ராஜினாமா பண்றேன்" என்றாள்.

"தாராளமா பண்ணு. ஜூலையில பண்ணு. ஜூன்ல எனக்கு மலைக்குப் போகணும்" என்றாள் ஐரிஸ்.

ஹிலரி நிமிர்ந்தாள். தலைமையாசிரியை முழுவதும் சாகவில்லை. "எல்லாரோடயும் போய் எல்லாரோடயும் திரும்பறதுன்னுதான பேச்சு? நீங்க திரும்பல."

"உங்களுக்கு முன்னாடியே திரும்பிட்டேன்."

"டிரைவர் மூணு தடவை ஹார்ன் அடிச்சார் ஐரிஸ். உங்களுக்குக் கேட்டுச்சா?"

ஐரிஸ் கெட்டிலை எடுத்து, மறுபடி அதே இடத்தில் வைத்தாள். அவள் கம்பளியின் அந்த வெறும் இடம் எனக்கு ஞாபகம் வந்தது. போயிற்று, மறுபடியும் போயிற்று என்று நினைத்தேன். எனக்கு அழுகை வந்தது.

"பதினொண்ணு வந்தப்ப என்ன பண்ணீங்க?" என்று கேட்டாள் ஐரிஸ்.

பன்னிரண்டு நான்தானே. "பேசாம இருந்தோம்" என்றேன்.

"எவ்வளவு நேரம்?"

"பெரிலுக்கு உண்டானது. அதுலயே உங்களுதும் போயிடுச்சு."

"அப்ப நான் உசிரோட மலையில முட்டை ஓடு பொறுக்கிட்டிருக்கேன், நீங்க எனக்கு மௌன அஞ்சலி செலுத்திட்டு டீ குடிக்கக் கிளம்பிட்டீங்க."

முதலில் அவளே சிரித்தாள். பிறகு நாங்களும் சிரித்தோம், நிம்மதியில் கொஞ்சம் அதிகமாகவே. அவள் சட்டென்று நிறுத்திவிட்டாள். "யாரச் சொல்ல? இந்த வழக்கத்தக் கொண்டுவந்தவளே நான்தான். நாலுன்னு வேற யாராச்சும் சொல்லிட்டா கோனி முழுசாப் போயிடுவான்னு நினைச்சேன். செத்தவங்களுக்கு இடம் விட்டு விட்டு, இருக்கறவ விழுந்தாலும் தெரியாத அளவுக்கு ஓட்டையாப் போச்சு. போதும். நாலு, ஏழு, பத்து எல்லாத்தையும் புதுசா வர்றவங்களுக்குக் குடுங்க. சத்தம் வரலன்னா எழுந்து போய் அந்த சீட்டப் பாருங்க. என் நம்பரையும் யாரும் பூட்டி வைக்காதீங்க."

"காதுக்கருவி?" என்றாள் ஹிலரி. விடமாட்டாள்.

"மாட்டறேன்."

"மலையில மட்டுமில்ல. எப்பவும்."

"எப்பவும் மாட்டித் தொலைக்கறேன். நீயும் கண்ணாடிய ஒரு கயித்துல கட்டிக் கழுத்துல மாட்டு."

ஹிலரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். விபத்துப் படிவத்தை ஒரு வரி விடாமல் நிரப்பி, தவறு யாருடையது என்ற இடத்தில் தன் பெயரை எழுதினாள். பிறகு ஸ்விட்சர்லாந்துப் பட்டியலை எடுத்து, கேள்விக்குறியை இரண்டு கோடு போட்டு அடித்தாள். ஸ்கோனைப் பற்றி நாங்கள் இருவருமே மூச்சுவிடவில்லை. ஒரு வருடம் கழித்து நான் ஐரிஸிடம் ஒப்புக்கொண்டபோது, "ஜாம் நல்லா இருந்துச்சா?" என்று மட்டும் கேட்டாள்.

ஜூனில் போனோம். மரவீட்டின் வாசலில் ஐரிஸ் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. காதுக்கருவி மாட்டியிருந்ததால் மேய்ச்சல் மாடுகளின் கழுத்துமணி தாங்க முடியவில்லை என்று நாலு நாளும் குறைப்பட்டுக்கொண்டாள். ஐந்தாம் நாள் அதே மணிச் சத்தத்தைக் கேட்பதற்காக ஒரு பாறையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். பேட்ஜ் வாங்கினாள். ஊருக்கு வந்து கம்பளியில் வைத்துப் பார்த்தால், விட்ட இடத்தில் கால்வாசியைக்கூட அது நிரப்பவில்லை. "இத்தனூண்டுக்கா அறுபது வருஷம் இடம் புடிச்சு வச்சேன்!" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். தைத்தாள். மிச்ச இடத்தில் கம்பிப் பயண பேட்ஜையும் மணிக்கூண்டு பேட்ஜையும் தைத்தாள்.

2018 நவம்பரில், எண்பத்துநாலு வயதில், நான்கு நாள் காய்ச்சலில் இறந்தாள். கடைசி நாள் ஆஸ்பத்திரியில் ஹிலரி பக்கத்தில் இருந்தாள். "நம்பர் ஞாபகம் இருக்கட்டும்" என்றாளாம் ஐரிஸ். வேறு முக்கியமாக ஒன்றும் சொல்லவில்லையாம்.

அடுத்த மே மாதம் ஒரு தோட்டம் பார்க்கப் போனோம். புதிதாகச் சேர்ந்த ஒருத்தியும் வந்தாள். ஆறு வருடம் கழித்து ரிட்டயர் ஆகி, சொன்ன வாக்கை மறக்காமல் டோனா வந்து சேர்ந்திருந்தாள். ஐரிஸ் இல்லை என்பது கூடத்துக்கு வந்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்ததாம். அவளுக்கு எந்த எண் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்கப் பிடிக்கவில்லை.

பஸ் கிளம்பும் முன் எண் சொல்ல ஆரம்பித்தோம். நான்கை ஓய்வுபெற்ற பல் டாக்டர் சொன்னாள். ஒன்பது ஃப்ரெடா. பத்தும் யாரோ சொன்னார்கள். எல்லாம் மாற்றியாயிற்று என்று புத்திக்குத் தெரிந்தாலும், அடுத்த மூச்சு மௌனமாகத்தான் இருக்கும் என்று என் உடம்பு நினைத்தது. தலையைக் குனிந்துகொண்டேன்.

"பதினொண்ணு!"

முப்பது வருடம் 'உள்ள நகருங்க, உள்ள நகருங்க' என்று பஸ்ஸில் கத்திப் பழகிய தொண்டை. கண்ணாடி ஜன்னலே அதிர்ந்தது.

அடுத்து நான் சொல்ல வேண்டும். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. முன்பக்கம் நின்ற ஹிலரி, கயிற்றில் தொங்கிய கண்ணாடியை எடுத்து மூக்கில் மாட்டினாள். சத்தம் வரவில்லையென்றால் எழுந்து போய் சீட்டைப் பார்க்க வேண்டும். அது இப்போது எங்கள் சட்டம். இருக்கைகளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வரிசையாக நடந்து வந்தாள். என்னைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். கோட்டுப் பையிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்து என் மடியில் வைத்தாள்.

"பன்னிரண்டு இருக்கா" என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டு, முன்பக்கம் திரும்பிப் போனாள்.